கட்டை இருக்கிறது, தோல் இல்லை

தாராவியில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் தலைமை ஆசிரியருக்குத்தான் சங்கடம். அங்கே இசை வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த இரும்பு அலமாரியை ஆசிரியர் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு மிருதங்கங்கள், ஒரு ஹார்மோனியம், ஒரு டோல்கி. மிருதங்கங்களில் ஒன்றின் வலந்தலை கிழிந்திருந்தது. மற்றொன்றின் கரணை பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. ஹார்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துவிட்டது. "இது பாடாதுங்க, மூச்சு மட்டும் விடும்" என்றார் ஆசிரியர். நன்றாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஹார்மோனியத்தின் முகப்பில் பதித்திருந்த பித்தளைத் தகடு. கொடுத்த புண்ணியவானின் பெயரும் தேதியும் அதில் பளபளவென்று மின்னின.

வகுப்பு நடக்காமல் இல்லை. இருபது பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து மேஜையைத் தட்டித் தாளம் கற்றுக்கொண்டிருந்தார்கள். உற்சாகம் கூடிச் சத்தம் எகிறியபோது ஆசிரியர் திருநெல்வேலித் தமிழில் அதட்டினார்: "ஏலே, மெதுவா! டெஸ்க்கும் போச்சுன்னா பெறகு தொடையிலதான் தட்டணும்." பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்த பிறகு அந்தச் சிரிப்பு தங்கவில்லை.

காரணம், இது வறுமையின் கதை இல்லை. பள்ளிக்கு வாத்தியம் கிடைக்காமல் இல்லை. யாரோ மனமுவந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கிடைத்தது கெட்டுப்போனபோது அதை மாற்றிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. முதல் வாத்தியத்துக்கு மாலை, மேடை, புகைப்படம் எல்லாம் உண்டு. இரண்டாவது தோலுக்கு ஒன்றும் கிடையாது. நம் பள்ளிகளில் இசை வகுப்புகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது தோலில்தான் சாகின்றன.

மிருதங்கம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மிருதங்கத்தின் உடல் பலா மரத்தில் குடைந்தது. அதைக் கட்டை என்பார்கள். நல்ல கட்டை தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வரும். ஆனால் அதன் இரு முகங்களிலும் கட்டியிருக்கும் தோலுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. வலப்பக்கம் கறுப்பாகத் தெரியும் வட்டம், கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய படலங்களாகப் பூசித் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது. வாசிக்க வாசிக்க அது உதிரும். மழைக்காலத்தில் தோல் நெகிழும், கோடையில் இறுகும். வாரை இழுத்துக் கட்ட வேண்டும், கல்லால் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும், அவ்வப்போது மூட்டையே மாற்ற வேண்டும். அன்றாடம் வாசிக்கும் வித்வானுக்கு இது வாடிக்கை. நாற்பது பிள்ளைகள் முறை வைத்து அடிக்கும் பள்ளி மிருதங்கத்தின் கதி என்ன என்று நீங்களே ஊகிக்கலாம். அதுவும் நான்கு மாதம் ஈரம் சொட்டும் மும்பையில்.

வாத்தியம் என்பது மேஜை நாற்காலி போல ஒருமுறை வாங்கிப் போடும் பொருள் அல்ல. தேயும் பொருள். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. சில ஆண்டுகளில் மெழுகை மாற்ற வேண்டும். வயலினுக்குத் தந்தி, வில்லுக்கு முடி. ஆனால் நம் பள்ளிக் கணக்குப் புத்தகங்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. வாத்தியம் வந்து சேர்ந்ததும் அது 'டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர்' என்ற பேரேட்டில் ஏறுகிறது. பெயரே சொல்கிறதே, உயிரில்லாத சரக்கு என்று! அதில் ஏறிய பொருளை முறைப்படி கழிக்காமல் தூக்கிப் போடவும் முடியாது. உடைந்த மிருதங்கம் அலமாரியில் இருக்கும்வரை, காகிதத்தில் அந்தப் பள்ளிக்கு மிருதங்கம் இருக்கிறது. இருக்கும் பொருளுக்கு இன்னொன்று கேட்டால் அதிகாரி கேள்வி கேட்பார். கழிப்பதற்கு எழுதினால் விளக்கம் கேட்பார். தலைமை ஆசிரியர் பாவம், அலமாரியைப் பூட்டிவிடுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் நூலகம் இருக்கிறது; விளையாட்டுச் சாமான்கள் இருக்கின்றன. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் இசைக் கருவி என்ற சொல் அதில் இல்லை. ஆசிரியர் உண்டு, அவர் கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம் கலையைப் பாடத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவரச் சொன்னது. 2020ஆம் ஆண்டின் புதிய கல்விக் கொள்கை, பாடம் வேறு கலை வேறு என்ற சுவரே கூடாது என்றது. சுவரை இடிக்கச் சொல்வது சுலபம். டோல்கிக்குத் தோல் கட்டப் பணம் எந்தத் தலைப்பில் வரும் என்று சொல்வதுதான் கடினம்.

ஒரு தலைப்பு இருக்கத்தான் செய்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2018ல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு கூட்டு மானியம் உண்டு. மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துச் சின்னப் பள்ளிக்கு 10,000 ரூபாயிலிருந்து ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு ஒரு லட்சம் வரை என்று வகுத்தார்கள். அந்தப் பணத்தில் செய்யக்கூடியவற்றில், பழுதாகிப்போன பள்ளிச் சாதனங்களை மாற்றுவதும் ஒன்று. கிழிந்த மிருதங்கம் பழுதான சாதனம் இல்லாமல் வேறென்ன? ஆனால் அதே பணத்தில்தான் மின்கட்டணம், தண்ணீர், சாக்பீஸ், துடைப்பம், கழிப்பறைச் சுத்தம் எல்லாம். தண்ணீர்க் குழாய்க்கும் மிருதங்கத்துக்கும் போட்டி என்றால் குழாய்தான் ஜெயிக்கும். ஜெயிக்கவும் வேண்டும்.

சரி, கம்பெனிகள் இருக்கின்றனவே என்பீர்கள். இந்தியாவின் பெரிய கம்பெனிகளில் பலவற்றுக்கு மும்பைதான் தலைமையிடம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ சொத்தோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் பாரம்பரியக் கலைகளும் அந்தப் பணிகளின் பட்டியலில் உண்டு. பள்ளிகளுக்கு வாத்தியம் வாங்கித் தர எந்தத் தடையும் இல்லை. தடை அடுத்த படியில் வருகிறது. 2021 ஜனவரி முதல், ஓர் அமைப்பின் மூலநிதிக்குக் கொடுக்கும் பணத்தைச் சமூகச் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது. அதாவது, 'இந்த ஒரு லட்சத்தை வங்கியில் போட்டு, வரும் வட்டியில் வருஷா வருஷம் தோல் மாற்றிக்கொள்ளுங்கள்' என்று ஒரு கம்பெனி கொடுக்க நினைத்தாலும் அது கணக்கில் சேராது. தொடர் திட்டம் என்று எடுத்துக்கொண்டாலும், தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுகள்தான் வரம்பு. பணம் வாங்கி வங்கியில் போட்டுவிட்டு ஒன்றும் செய்யாத அமைப்புகளைத் தடுக்க இந்த விதி உதவும். அதன் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மிருதங்கத்துக்கு அது பாதகமாக முடிந்துவிட்டது. கம்பெனிப் பணம் கட்டையை வாங்கும். பத்து வருஷத்துக்குத் தோல் மாற்றிக்கொண்டே இருக்காது.

தோல் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாராவிக்குத் தோல் புதிதல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம்களும் ஆதி திராவிடர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இந்தச் சதுப்பு நிலத்தில் தோல் பதனிட்டு வாழ்ந்தவர்கள். பதனிடும் தொழிற்சாலைகள் பிறகு வெளியேறிவிட்டன. பைகளும் பெல்ட்டுகளும் செய்யும் பட்டறைகள் மிஞ்சின. அந்தத் தோல்காரர்களின் கொள்ளுப்பேரன்களில் சிலர்தான் இன்று தோலில்லாத மிருதங்கத்தின் முன்னால் உட்கார்ந்து மேஜையைத் தட்டுகிறார்கள். மிருதங்கத்தைச் செய்யும் கைகளும் பெரும்பாலும் அதே சமூகங்களைச் சேர்ந்தவை. டி.எம். கிருஷ்ணா 2020ல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூல் இந்தக் கைவினைஞர்களைப் பற்றியது. பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்ததை அது பதிவு செய்கிறது. வாசித்தவரின் பெயர் விளம்பரத்தில் வரும். தோல் கட்டியவரின் பெயர் எங்கும் வராது. நன்கொடையிலும் அதே கதைதான். கட்டையில் பெயர் பொறிக்க இடம் உண்டு. தோலில் பெயர் எழுதினால் ஆறு மாதத்தில் உதிர்ந்துவிடும்.

இனி வரைபடத்தைப் பாருங்கள். மத்திய ரயில் பாதைக்கு மேற்கே தாராவி. பாதையைத் தாண்டிக் கிழக்கே வந்தால் மாதுங்கா. தமிழர்களின் இட்லி, மல்லிகைப்பூ, காப்பிப்பொடி, சங்கீதம் எல்லாம் பிரசித்தமான பேட்டை. அங்கே சயானை ஒட்டி நிற்கிறது ஷண்முகானந்தா அரங்கம். 2,700 பேருக்கு மேல் உட்காரலாம். கொஞ்சம் கிழக்கே போனால் செம்பூர். அங்கே ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி. இரண்டுமே கச்சேரி நடத்துவதோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு இசையும் சொல்லித் தருகின்றன. ஷண்முகானந்தா சபை எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் இளம் கலைஞர்களுக்கு நல்கையும் வழங்கி வருகிறது. இந்தியாவில் தமிழ்நாட்டுக்கு வெளியே கர்நாடக இசைக்கு இவ்வளவு பெரிய வீடு வேறெங்கும் உண்டா என்பது சந்தேகமே. அந்த வீட்டுக்கும் மேஜை தட்டும் பிள்ளைகளுக்கும் இடையே இருப்பது ஒரு தண்டவாளமும் சில தலைமுறைகளின் சாதியும்தான்.

மாதுங்காவுக்கு இழந்ததை மீண்டும் கட்டத் தெரியும். 1990ல் ஷண்முகானந்தா அரங்கம் தீக்கிரையானது. சபை சோர்ந்துவிடவில்லை. சில ஆண்டுகளில் அதே இடத்தில் அரங்கம் மறுபடி எழுந்தது; இன்றும் நிரம்புகிறது. கோடிகளில் செலவாகும் கட்டடத்தையே மீட்டுக்கொண்ட சமூகத்துக்கு, சில ஆயிரங்களில் முடியும் வலந்தலை மலையாகத் தெரியக் கூடாது. ஆனால் எரிந்த அரங்கம் கண்ணில் படும். கிழிந்த மிருதங்கம் மாடிப்படிக்குக் கீழே பூட்டிய அலமாரியில் இருக்கிறது.

வாத்தியம் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்களா? இல்லை. குப்பை பொறுக்குவோரின் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் வினோத் ஷெட்டி நடத்தும் ஏகார்ன் அமைப்பு 'தாராவி ராக்ஸ்' என்ற குழுவை உருவாக்கியது. பிளாஸ்டிக் பீப்பாய்களும் பெயின்ட் டப்பாக்களும்தான் அவர்களுடைய வாத்தியங்கள். உடைந்தால் அடுத்த டப்பா. தாராவியில் டப்பாவுக்கா பஞ்சம்? 2015ல் ஆரம்பித்த 'தாராவி ட்ரீம் ப்ராஜெக்ட்' ராப் பாட்டும் நடனமும் வாயால் தாளம் போடும் பீட்பாக்ஸும் இலவசமாகக் கற்றுத் தந்தது. 'டோப்அடெலிக்ஸ்' என்ற தாராவி ராப் குழு 2018ல் ரஜினிகாந்தின் 'காலா' படத்தில் பாடும் அளவுக்கு வளர்ந்தது. இந்த இசையைப் பிள்ளைகள் தேடிப் போனதற்கு அவர்களுடைய கோபம், வயது, காலம் எல்லாம் காரணம். இன்னொரு காரணமும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. வாய்க்குத் தோல் மாற்ற வேண்டாம். தொண்டை டெட் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறாது.

தாராவி ராக்ஸுக்கு ஒரு தூரத்து உறவும் உண்டு. தென் அமெரிக்காவில் பராகுவே நாட்டின் தலைநகரை ஒட்டிய குப்பைமேடு கதேவுரா. அங்கே ஃபவியோ சாவேஸ் என்பவர் பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். பிள்ளைகள் கூடினார்கள், வாத்தியங்கள் போதவில்லை. குப்பையிலிருந்தே வயலினும் செல்லோவும் செய்தார்கள். உலகம் சுற்றி வந்து வாசித்தார்கள், படம்கூட எடுத்தார்கள். கேட்க நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இந்த நெகிழ்ச்சியில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கு டப்பாவே போதும், பார், என்ன அழகாக வாசிக்கிறது என்று நாம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். டப்பா தட்டுவது பிள்ளையின் விருப்பமாக இருக்கட்டும். விதியாக இருக்கக் கூடாது.

நமக்கு உதவக்கூடிய பாடம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிறது. அங்கே பொதுப் பள்ளிகளுக்கு நிதி வெட்டு விழுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாத்தியங்கள் பழுதாகி மூலையில் கிடந்தன. சரிசெய்யப் பணம் இல்லை. 2017ல் சிலர் கூடி ஒரு விசித்திரமான காரியம் செய்தார்கள். அந்த உடைந்த வாத்தியங்களுக்கென்றே இசை எழுதித் தரும்படி டேவிட் லாங் என்ற இசையமைப்பாளரைக் கேட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சுமார் 400 பேர், சிறுவர் முதல் முதியவர் வரை, நரம்பறுந்த வயலின்களையும் நசுங்கிய குழல்களையும் வைத்து அதை வாசித்தார்கள். ஊரே கேட்டது. பிறகு பொதுமக்கள் ஆளுக்கொரு வாத்தியத்தைத் தத்தெடுத்துச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். வாத்தியங்கள் பழுது நீங்கிப் பள்ளிகளுக்குத் திரும்பின. அவர்கள் புது வாத்தியம் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உடைந்ததை மறைக்காமல் மேடையேற்றினார்கள். அதனால்தான் அதைச் சரிசெய்வது ஊரின் வேலையாயிற்று.

மும்பையில் என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். மும்பைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல் போதும்: ஏ.எம்.சி. வீட்டுவசதிச் சங்கங்களில் லிஃப்டுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு. தண்ணீர் மோட்டாருக்கு உண்டு. அதைப் போடாமல் எந்தச் சங்கமும் லிஃப்டை ஓட்டுவதில்லை. மிருதங்கத்துக்கு மட்டும் ஏன் கிடையாது? மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கோடை விடுமுறைக்குப் பிறகு ஒருமுறை, தோல் கட்டத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பள்ளிக்கும் வரட்டும். அவருக்குரிய கூலியை உரிய மரியாதையோடு கொடுக்கட்டும். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அவர் வார் இழுப்பதைப் பார்க்கட்டும். அதுவும் இசைப் பாடம்தான். ஒருவேளை வாசிப்பதைவிட அடிப்படையான பாடம்.

பணம் எங்கிருந்து? கட்டையைக் கம்பெனி கொடுக்கட்டும். தோலை ஊர் கொடுக்கட்டும். ஆயிரம் பேர் வரும் ஒரு கச்சேரியில் சீட்டுக்கு 20 ரூபாய் கூட்டினால் 20,000 ரூபாய். மாதுங்காவிலும் செம்பூரிலும் ஆண்டுக்கு இப்படி ஐந்து கச்சேரிகள் என்றால் ஒரு லட்சம். இந்தப் பணத்துக்கு மூலநிதித் தடை கிடையாது. சபை தன் விருப்பப்படி வங்கியில் போடலாம். வட்டி ஆறரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால், லட்சத்துக்கு ஆண்டுக்கு 6,500 ரூபாய், ஒரு பள்ளியின் தோலுக்கும் தந்திக்கும் ஓரளவு தாங்கும். சபாக்களுக்கு இது புதிய தர்மமும் அல்ல. 1944ல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் செய்தவர் எம்.எஸ். நம் இசை மேடைக்கு நன்கொடைக் கச்சேரி என்பது பரிச்சயமான சங்கதி.

இன்னொரு சேமிப்பும் நம் வீடுகளிலேயே இருக்கிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் எத்தனை வீடுகளில் இரும்பு பீரோவின் மேல் உறை போட்ட வீணை படுத்திருக்கிறது! பெண் கல்யாணமாகி நியூஜெர்சி போய் இருபது வருஷமாயிற்று. பரணில் பையனின் மிருதங்கம். பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால். விற்க மனம் வராது, வாசிக்க ஆள் கிடையாது. இவற்றை ஓரிடத்தில் சேர்த்தால் அது ஒரு வாத்திய நூலகம். எந்த ஒரு பள்ளியின் பேரேட்டிலும் ஏறாமல், சபையின் பொறுப்பிலேயே இருந்து, பள்ளிகளுக்கு இரவலாகப் போய் வரும். உடைந்தால் திரும்பி வரும். சரியானால் மறுபடி போகும். தமிழ்வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துவரும் காலம் இது. நாளை ஒரு பள்ளி இன்னொன்றோடு இணைக்கப்பட்டாலும் வாத்தியம் அநாதையாகாது.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் வரும். முதலாவது, குடிக்கத் தண்ணீரும் கழிப்பறையும் ஒழுங்காக இல்லாத இடத்தில் மிருதங்கம் எதற்கு என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியை நாம் மாதுங்காவில் கேட்பதில்லை, தாராவியில் மட்டும் கேட்கிறோம். நம் வீட்டுப் பிள்ளையைத் தண்ணீர் வராத நாளிலும் பாட்டு வகுப்புக்கு அனுப்புகிறோம். தண்ணீரும் வேண்டும், தாளமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பது, இரண்டையும் கொடுக்காமல் இருப்பதற்கான சுலபமான வழி.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. கர்நாடக சங்கீதத்தைத் தாராவிப் பிள்ளையின் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்பது. கூடாது. வாத்திய நூலகத்தில் பறையும் இருக்க வேண்டும், தவிலும் டோல்கியும் கீபோர்டும் கிதாரும் இருக்க வேண்டும். எது வேண்டும் என்று பிள்ளை சொல்லட்டும். தோல் வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது: பெங்களூரில் வரதரங்கன் என்ற பொறியாளர், தோலே இல்லாமல் செயற்கைப் பொருளால் முகம் அமைத்த மிருதங்கத்தை உருவாக்கியிருக்கிறார். ஈரத்துக்கு அஞ்சாதது பள்ளிக்கு ஏற்றது. வித்வான்கள் நாதத்தில் குறை சொல்லலாம். மேஜையைவிட நாதம் நன்றாகத்தான் இருக்கும்.

தாராவியையே இடித்துக் கட்டப் போகிறார்கள். 2022 நவம்பரில் மறுசீரமைப்பு ஏலத்தில் அதானி குழுமம் முந்தியது. அதன் பிறகு கணக்கெடுப்பும் சர்ச்சையும் தொடர்ந்தன. யாருக்கு எத்தனை சதுர அடி என்ற சண்டையில், பள்ளிகளில் இசைக்கு ஓர் அறை வேண்டும், ஈரம் ஏறாத அலமாரி வேண்டும் என்று யார் கேட்கப் போகிறார்கள்? வரைபடத்தில் இல்லாத அறை கட்டடத்தில் வராது. கேட்க வேண்டியவர்கள் பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் அல்ல. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாமும்தான்.

அந்தப் பள்ளியிலிருந்து கிளம்பும்போது ஒரு சிறுவன் பின்னாலேயே வந்தான். பத்து வயதிருக்கும். "சார் கிட்ட கேட்டா சொல்ல மாட்டாரு. அந்த மிருதங்கம் நல்லா இருந்தப்ப எப்படிச் சத்தம் கேக்கும்?" என்றான். இரண்டு வருஷமாகத் தாளம் படிக்கிறவன். அந்த அலமாரியில் இருக்கும் மிருதங்கத்தின் சத்தத்தை அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

வாயால் சொல்லிக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான். நான் சொன்னது சரியாக வரவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.